மாலையில் ஒரு முடி

அத்தை வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் மேலாகக் கிடந்தது ஒரு பட்டுப் புடவையின் கிழிசல். அதற்கடியில் இரண்டு கிரயப் பத்திரங்கள், நூல் கட்டிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று, கமிஷன் கடைப் பேரேடு ஒன்று, ஒரு பக்கக் கால் ஒடிந்து அதற்குப் பதில் நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் கீழே, அட்டையில் ஒட்டிய ஒரு ஸ்டுடியோ படம்.

படத்தில் ஏழு பேர். பின்னால் தொங்கும் திரையில் வரைந்த மாடிப்படி ஒன்று எந்த வீட்டுக்கும் போகாமல் ஏறுகிறது. நடுவில் நாற்காலியில் இருப்பவர் தாத்தா. அவரை மட்டும் எனக்குத் தெரியும். மற்றவர்கள் கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தம் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் முழித்தேன்.

"யாரு அத்தை இவங்கள்லாம்?"

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். மூன்று பேரைச் சட்டென்று சொன்னார். நான்காவதாக ஒரு பெண். அவர் முகத்தை அத்தை பார்க்கவே இல்லை. காதைத்தான் பார்த்தார்.

"இந்தப் பாம்படம் எங்க அப்பத்தாவோடது. ஆனா இது அப்பத்தா இல்லைய்யா. அப்பத்தா போனப்புறம் இதை வாங்கிப் போட்டுக்கிட்டது சித்தி. அப்ப இது சித்திதான்."

முகம் மறந்துபோய் நகை நினைவிருக்கிறது. நகையிலிருந்து ஆளுக்குப் போகிறார். ஓர் ஆய்வு நூலகத்தில் பழைய படங்களுக்கு விவரம் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கச் செய்கிற வேலை இதேதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உடை, நகை, நாற்காலி, பின்திரை, அட்டையின் மூலையில் அச்சிட்ட ஸ்டுடியோ பெயர் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் அவர்களும் முகத்துக்கு வருகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கதை நினைவுக்கு வராமல் போகாது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பெரியாழ்வார் வடபத்ரசாயிக்கு என்று கட்டி வைத்த மாலையை அவர் மகள் கோதை, அதாவது ஆண்டாள், தினமும் எடுத்துச் சூடி, கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்து, மறுபடி கூடையில் வைத்துவிடுவாள். அந்தக் கண்ணாடிக் கிணற்றை இன்றும் கோயிலில் காட்டுகிறார்கள். போகிறவர்களெல்லாம் குனிந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஒருநாள் மாலையில் ஒரு முடி இருந்தது. மனித உடம்பில் பட்டது சாமிக்கு ஆகாது என்று பெரியாழ்வார் அதை ஒதுக்கிவிட்டுப் புது மாலை கட்டிக்கொண்டு போனார். பெருமாள் கேட்டது பழையதை. அவள் சூடியதுதான் வேண்டும் என்றார்.

விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய காவியத்துக்கு ஆமுக்தமால்யதா என்று பெயர். சூடிக் களைந்த மாலையைக் கொடுத்தவள் என்பதுதான் அதற்குப் பொருள். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர் பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் மு.கு. ஜகந்நாத ராஜா. எங்கள் ஊர்க் கதை தெலுங்குக்குப் போய், சில நூற்றாண்டு அங்கே இருந்துவிட்டு, பஸ்ஸில் அரைமணி தூரத்தில் இருந்த ஒருவரின் கைவழியாக ஊர் திரும்பியிருக்கிறது.

சிறுவயதில் எனக்கு இந்தக் கதை பக்திக் கதை. அந்த டிரங்குப் பெட்டிக்குப் பிறகு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. புது மாலை எத்தனை வேண்டுமானாலும் கட்டலாம். நந்தவனத்தில் பூவுக்குப் பஞ்சமில்லை. ஒருத்தி சூடிய மாலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதற்கு அத்தாட்சி அந்த ஒற்றை முடி.

ஊரில் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. 1875இல் தொடங்கியது, அப்போதைய திருநெல்வேலி கலெக்டர் ஜே.பி. பென்னிங்டன் பெயரில். சென்னையில் கன்னிமாரா நூலகம் பொதுமக்களுக்குத் திறந்தது 1896இல். அதைவிட 21 வருடம் மூத்தது எங்களுடையது என்று சொல்லிக்கொள்வதில் ஊர்க்காரர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. எனக்கும் உண்டு. பள்ளிக்கூட நாட்களில் அங்கே எடுத்த ஒரு நாவலில், கதாநாயகி அழுகிற இடத்திலெல்லாம் ஓரத்தில் பென்சிலால் யாரோ 'சும்மா' என்று எழுதியிருந்தார்கள். நாவலின் கதை எனக்கு மறந்துவிட்டது. அந்தச் 'சும்மா' மறக்கவில்லை. அந்த நாவல் ஆயிரக்கணக்கில் அச்சாகியிருக்கும், எந்த ஊரில் வாங்கினாலும் அதே கதைதான் இருக்கும். அந்தப் பென்சில் சலிப்பு இருந்தது ஒரே ஒரு பிரதியில்.

நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியாது. பல பிரதியாக இருப்பதை நூலகம் சேர்க்கிறது. ஒன்றாக மட்டுமே இருப்பதைக் காப்பகம் சேர்க்கிறது. கடிதம், நாட்குறிப்பு, பேரேடு, நெகட்டிவ், ஒருவர் மூக்கில் இருந்த கண்ணாடி, இவற்றுக்கு இரண்டாம் பதிப்பு கிடையாது. ஆய்வு நூலகம் என்று சொல்கிற இடங்கள் இரண்டையும் ஒரே கூரையில் வைத்துக்கொள்கின்றன.

தமிழில் அப்படியொரு இடம் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா 1907இல் பிறந்தவர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியராகத் தொழில் பார்த்தவர். பழைய புத்தகக் கடைகளில் புத்தகம் பொறுக்கத் தொடங்கி, பிறகு ஊருக்கே திரும்பி வீடு நிறையச் சேர்த்தார். புத்தகம் சேர்ப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். அவர் சேர்த்த மற்றவைதான் வியப்பு. நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம், கடிதங்கள். ஒழுங்கான நூலகர் ஒருவர் குப்பைக் கூடைக்கு அனுப்பியிருக்கக்கூடிய சரக்கு முழுவதும் அவரிடம் இருந்தது. வீட்டிலிருந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பதை நான் யோசிக்காமல் இல்லை. சேகரிப்பவரைப் புகழ்கிற கட்டுரைகளில் அந்த வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

அவர் 1992இல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. வாங்கியவர்கள் அதைக் கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே வைத்து, 1994இல் நூலகமாக்கி, மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். இன்று தரமணியில் இருக்கிறது. கோஹினூரைப் பற்றியும் அமராவதிச் சிற்பங்களைப் பற்றியும் பேசி அலுத்த நமக்கு, வெளியூர்ப் பணம் வந்தும் பொருள் உள்ளூரிலேயே தங்கியது என்பது சின்ன விஷயமில்லை.

கல்யாணப் பத்திரிகையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் அத்தையின் கட்டைப் பிரித்துக் காட்டத் தோன்றுகிறது. பழைய பத்திரிகைகளில் அழைப்பவர் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் தவறாமல் நிற்கிறது. கட்டின் பாதியில் அது உதிர ஆரம்பிக்கிறது, முதலில் மாப்பிள்ளை பெயரில், பிறகு மாமனார் பெயரில். தமிழ் வருடப் பெயர் மட்டும் போட்டிருந்த இடத்தில் ஆங்கிலத் தேதி துணைக்கு வருகிறது, பிறகு முன்னால் போய் நிற்கிறது. முகூர்த்தத்துக்குப் பெண் வீடு என்று இருந்தது மண்டபமாக மாறுகிறது. நடுவில் ஒன்றில் புரோகிதர் இல்லை, ராகு காலத்தைப் பற்றிய கவலையும் இல்லை, ஒரு பெரியவர் தலைமை தாங்குவதாக இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வந்தது அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல். அத்தை கட்டிலிருந்த பத்திரிகை அதற்கு முந்தியது. அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் சட்டத்தை எதிர்பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. இதை ஒரு வரலாற்றுப் புத்தகம் சொல்லும்போது தகவலாக இருக்கும். மஞ்சள் தடவிய ஓரத்தோடு கையில் பிடிக்கும்போது, அந்த மஞ்சளைத் தடவச் சொல்லி வீட்டில் யார் சண்டை போட்டிருப்பார்கள் என்று யோசிக்க வைக்கிறது.

நான் செய்ய இருந்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பிரித்ததும் எனக்கு வந்த முதல் யோசனை ஒழுங்குபடுத்துவது. பத்திரங்களை வக்கீலிடம் காட்டலாம், படத்தை ஆல்பத்தில் போடலாம், பத்திரிகைகளைத் தனிக் கோப்பில் வைக்கலாம், ஒடிந்த கண்ணாடியைத் தூக்கிப் போடலாம். காப்பகத் தொழிலில் இதற்கு நேர் மாறான விதி ஒன்று இருக்கிறது. வந்த சேகரத்தை வந்த அடுக்கிலேயே வை, வைத்திருந்தவர் எதை எதன் பக்கத்தில் வைத்தார் என்பதும் ஆவணம்தான், ஒருவர் காகிதத்தை இன்னொருவர் காகிதத்தோடு கலக்காதே. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் உருவான விதி. அதற்கு முன் அங்கேயும் என்னைப்போன்ற ஒழுங்குப் பித்தர்கள் பொருள்வாரியாகப் பிரித்து எல்லாவற்றையும் குழப்பி வைத்திருந்தார்கள்.

அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போடாமல் இருந்ததால் ஓர் ஆள் கிடைத்தார். படத்தில் பின்வரிசையில் நிற்கும் மெலிந்த மனிதரை அத்தைக்கு அடையாளம் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அவர் காதோரம் வெள்ளையாக ஒரு கோடு. நூல். பெட்டியிலிருந்த மூக்குக் கண்ணாடியை அத்தை கையில் கொடுத்தேன். இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தார்.

"அட, கணக்கப்பிள்ளை. நம்ம கடையிலயே இருந்து நம்ம வீட்லயே செத்தாரு. அவருக்குன்னு யாரும் இல்ல."

பேரேட்டிலிருந்த முத்துமுத்தான கையெழுத்து யாருடையது என்பதும் அப்போது தெரிந்தது. குடும்பப் படம் எடுக்கப் போன அன்று தாத்தா கணக்கப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் செத்த பிறகு கண்ணாடியை எறியாமல், அவர் எழுதிய பேரேட்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். தாத்தாவைப் பற்றி நான் கேட்டு வளர்ந்ததெல்லாம் அவர் கோபத்தைப் பற்றித்தான். கண்ணாடி, பேரேடு, படம் மூன்றும் மூன்று இடத்துக்குப் போயிருந்தால் அந்தக் கோபம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. அந்த ஊரைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் எனக்கு உ.வே. சாமிநாதையர் நினைவு வரும். வரதுங்கராம பாண்டியர் காலத்து ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனவருக்கு, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம், அதுதான் சாஸ்திரம் என்ற பதில் கிடைத்தது. தம் வாழ்க்கை வரலாற்றில் நெஞ்சு வெந்து எழுதியிருக்கிறார். படிக்கிற யாருக்கும் கோபம் வரும். எனக்கும் பல வருடம் வந்தது. இப்போது யோசித்தால், எரித்தவர்களிடம் வெறுப்பு இருக்கவில்லை. மரியாதையோடு எரித்திருக்கிறார்கள். பனை ஓலை சாகாவரம் பெற்றதில்லை. நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் இடையில் சில நூற்றாண்டு தாங்கினால் அதிகம். அதனால் ஓலை நைந்தால் புது ஓலையில் படி எடுத்துவிட்டு, பழையதை நெருப்பிலோ ஆற்றிலோ சேர்ப்பது வழக்கம். படி எடுப்பதும் எரிப்பதும் ஒரே சடங்கின் இரண்டு பாதி. அச்சு வந்தது, படிப்பு மாறியது, எழுத்தாணி பிடிக்கிறவர்கள் குறைந்தார்கள். முதல் பாதி நின்றுபோயிற்று. இரண்டாம் பாதி மட்டும் சாஸ்திரம் என்ற பெயரில் தொடர்ந்தது. கரிவலத்தில் நடந்தது அதுதான்.

படி எடுத்துக் காப்பது தாழ்ந்த முறை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆண்டாளின் இடது கையிலிருக்கும் கிளி அப்படிக் காக்கப்படுவதுதான். மாதுளம்பூ அலகு, மரவள்ளி இலை உடம்பு, தினம் ஒரு கிளி புதிதாகச் செய்கிறார்கள். சாத்திய கிளி மறுநாள் யாராவது ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடும். எந்தக் கண்ணாடிப் பெட்டியும் இல்லாமல் கிளி இருந்துகொண்டே இருக்கிறது. பாசுரங்களைப் பாடி ஆடும் அரையர் சேவையும் அப்படித்தான், குல்லாயும் தாளமுமாகத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது.

ஆனால் அந்தக் கிளியிடம் ஒரு விஷயம் உண்டு. மரவள்ளி நம் மண்ணின் செடி அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். அதற்கு முந்திய கிளிகளின் உடம்பில் மரவள்ளி இருந்திருக்க வழியில்லை. எந்த இலை போய் எந்த இலை வந்தது? கிளியைக் கேட்டால் சொல்லாது. தினம் புதிதாகப் பிறக்கிற பொருளுக்கு நேற்றைய உடம்பு நினைவிருக்காது. திரும்பச் செய்வதால் வழக்கம் உயிரோடு இருக்கும், அது மாறிய சுவடு இருக்காது. அந்தச் சுவடுக்காகத்தான் ஒரு பழைய கிளி, ஒரு பழைய கணக்கு, ஒரு பழைய படம் எங்காவது இருந்தாக வேண்டியிருக்கிறது. எல்லாக் கிளியும் இருக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு போதும்.

புகைப்படத்துக்குப் படி எடுக்கிற சடங்கும் இல்லாமல் போனது, எரிக்கிற மரியாதையும் இல்லாமல் போனது. சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1856இல். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். அந்தப் படங்களில் கோயில்கள் துல்லியமாக நிற்கின்றன, மனிதர்கள் அநேகமாக இல்லை. படம் பதிய நேரம் பிடித்த காலம், அசையாத கல்லுக்குத்தான் முகம் கிடைத்தது. மனிதர்களுக்கு முகம் கொடுத்தவை பின்னால் ஊருக்கு ஊர் வந்த ஸ்டுடியோக்கள். ஒரு தலைமுறையின் மொத்த முகமும் அந்த நெகட்டிவ்களில் இருந்தது. பிறகு கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது, கடை கைமாறியது. கண்ணாடி நெகட்டிவைச் சுரண்டிக் கழுவினால் சாமி படத்துக்குச் சட்டம் போடக் கண்ணாடி ஆயிற்று. ஃபிலிமை வெள்ளி எடுப்பவர் எடைக்கு வாங்கிப் போனார். மிஞ்சியது ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, புளித்த காடி வாசனையோடு சுருண்டது. அந்த வாசனை வந்துவிட்டால் அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதன் பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கத் தொடங்கியது இந்த நூற்றாண்டில்தான். தாமதம் என்று சொல்லலாம். அவர்கள் தேடி எடுத்த அளவாவது கிடைத்தது.

ஊர் நகராது என்பார்கள், ஆனால் ஊரின் காகிதங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு ராமநாதபுரம், 1985இல் பிரிந்த மாவட்டத்துக்கு முதலில் காமராசர் பெயர், இப்போது விருதுநகர். எங்கள் ஊர் நிலத்தைப் பற்றிய பழைய சங்கதிக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்த மாவட்டத்துக் கட்டைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். சர்க்கார் காகிதத்துக்காவது எழும்பூர் இருக்கிறது. பெரிய தலைவர்களின் கடிதங்களுக்கு டெல்லி தீன்மூர்த்தி பவன் இருக்கிறது. வீட்டுக் காகிதத்துக்கு வீடுதான். வீடு பாகம் பிரியும்போது பித்தளை அண்டாவுக்கு அடித்துக்கொள்கிறோம். டிரங்குப் பெட்டியை, "நீயே வச்சுக்க" என்று தாராளமாக விட்டுக்கொடுக்கிறோம். ராஜபாளையத்தில் பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். 1949 முதல் 1952 வரை இந்த மாகாணத்தை ஆண்டவர், பிறகு ஒரிசா கவர்னர். வீட்டைப் பிரிக்காமல் ஊருக்குக் கொடுக்கலாம் என்பது அவருக்குத் தோன்றியிருக்கிறது. நமக்குப் பேப்பர் கடைக்காரரின் தராசு தோன்றுகிறது.

மறுபடி அந்த முடிக்கு வருகிறேன். மாலையில் முடி கிடந்தால் யார் கண்ணிலும் படும். அது கோதையின் முடி என்று தெரிய அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிட்ட வீட்டில் இருந்திருக்க வேண்டும். பெரியாழ்வாருக்குத் தெரிந்தது, அதனால் கதை நடந்தது. வேறொருவர் கையில் அந்த மாலை கிடைத்திருந்தால் ஓர் அசுத்தம் களையப்பட்டது என்பதோடு முடிந்திருக்கும். டிரங்குப் பெட்டி பரணில் பல பத்தாண்டு பத்திரமாகத்தான் இருந்தது. அந்துருண்டை போட்டிருந்தார்கள், ராமபாணப் பூச்சிகூட அதிகம் அரிக்கவில்லை. பெட்டி தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது. ஆனால் அத்தை காதைப் பார்த்துப் பேசிய அந்தப் பிற்பகல் வரை அதற்குள் இருந்தது வெறும் காகிதமும் கண்ணாடியும்தான். சுவடு ஒன்றாலேயே நினைவு ஆகிவிடுவதில்லை, அடையாளம் காண ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெட்டியைவிட ஆயுள் குறைவு. அமிலமில்லாத தாளும் குளிரூட்டிய அறையும் வாங்கப் பணம் எப்போது வேண்டுமானாலும் வரும். அத்தைகளுக்கு அப்படிக் காத்திருக்க முடியாது.

இதை எழுதும்போது ஒரு சங்கடத்தை மறைக்கக் கூடாது. இரண்டு மாதம் கழித்து மறுபடி அத்தை வீட்டுக்குப் போனேன். படத்தை நீட்டினேன். அதே பாம்படம், அதே ஜன்னல்.

"இது சித்தி இல்லய்யா. மதுரையிலேர்ந்து வந்திருந்த பெரியம்மா. கழுத்தில ஒண்ணும் இல்லாம படம் பிடிக்கப் போகக்கூடாதுன்னு அட்டிகை கொடுத்தாக, பாம்படமும் இரவல் கொடுத்தாக. அப்பத்தா அப்ப இருந்தாக."

"அன்னைக்குச் சித்தின்னு சொன்னீங்களே அத்தை?"

"சொன்னேனா?" என்றார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சித்தியாவும் இருக்கலாம். சித்தி இன்னும் கொஞ்சம் நிறமா இருப்பா. படத்தில நிறம் எங்கேருந்து தெரியுது?"

எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். அடையாளம் காண்கிற ஆள் தப்பாகவும் காணலாம். காப்பகங்களில் இதற்கும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வதில்லை. யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார், என்ன சொன்னார் என்று இரண்டையும் எழுதி வைக்கிறார்கள். நாளைக்கு வேறொரு பெட்டியில் வேறொரு படம் வரலாம், அதில் சித்தியின் முகம் தெளிவாக இருக்கலாம். அப்போது முடிவு செய்துகொள்வார்கள். முடிவு செய்ய இரண்டு வரியும் இருக்க வேண்டும்.

படத்தின் அட்டைக்குப் பின்னால் அப்படியே எழுதியிருக்கிறேன். பாம்படக்காரருக்கு நேரே இரண்டு பெயர், இரண்டு தேதி. கணக்கப்பிள்ளைக்கு நேரே அவர் பெயரும், கண்ணாடி பெட்டியில் இருக்கிறது என்ற குறிப்பும். சித்தியோ பெரியம்மாவோ, அந்தப் பெண்ணின் மடியிலிருக்கும் குழந்தை படம் எடுக்கும்போது தலையை ஆட்டிவிட்டது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல். அதற்கு நேரே கோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும், ஓர் அத்தையோ சித்தப்பாவோ இருப்பார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை போய்க் கேளுங்கள். படத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் ஆல்பத்தில் திணிக்காதீர்கள், பெட்டியில் இருக்கும் அடுக்கைக் கலைக்காதீர்கள். பழைய அட்டைப் படமாக இருந்தால் பின்பக்கம் ஓரமாக, அழுத்தாமல் எழுதலாம். பின்பக்கம் வழவழப்பாக இருக்கிற பிற்காலத்துப் படங்களில் எழுத்து ஏறாது, அவற்றை ஒரு காகித உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். மெத்தென்ற பென்சில் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.